கலமன்சிக் கனியும் களிமண் போறணையும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய யாம் பண்டை இலக்கியத் துறையொன்றை எடுத்து விளக்குவோமென்றே அவர்கள் எண்ணியிருப்பர். அவ்வாறு எழுதுவதும் எமக்கு உவப்பானதே. எனினும், இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்களுள் பலர் இன்று தத்தம் கையாலே சமைத்துண்டு பிறநாடுகளில் வாழ்பவர். அவர்களுட் சிலர் தொலைபேசியில் எம்மை அழைத்து யாப்பிலக்கணத்திலே ஐயம் கேட்டது ஒரு முறையென்றால், குழம்புக்குப் புளி எவ்வளவு விடவேண்டுமென்று கேட்டது ஒன்பது முறையாகும். ஆதலின், அடுக்களையிற் பிறந்த ஒரு பொருளை எடுத்துக்கொள்வது அவர்கட்கும் பயன்படும் எனத் துணிந்தோம்.

யாம் எழுதப் புகுவது, பிலிப்பைன்ஸ் நாட்டிலே விளையும் கலமன்சி என்னும் சிறு புளிப்புக் கனியையும், அக்கனியின் சாற்றைக் கொண்டு வீட்டிலே சுட்டெடுக்கப்படும் மஃபின் என்னும் பணியாரத்தையும் பற்றியாகும். எம் குடும்பத்தில் நிகழ்ந்த சில செய்திகளும் இதனூடே வரும். அன்னையாரின் உடன்பாட்டைப் பெற்றே அவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

இக்கல்லூரியின் பழைய மாணவனாகிய எம் தம்பி, விவசாயக் கல்வியிலே தேர்ச்சிபெற்று, பிலிப்பைன்ஸ் நாட்டின் லொஸ் பஞ்ஞோஸ் நகரிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றுபவன். 1960ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற அந்நிலையமே, 1966ஆம் ஆண்டில் ஐ.ஆர். 8 என்னும் குறுந்தண்டு நெல்லினத்தை உலகுக்கு அளித்தது. நெல்லைத் தேடிச் சென்றவன் அவ்வூர்ப் பெண்ணொருத்தியை 2015ஆம் ஆண்டிலே மணம் புரிந்துகொண்டான். பெண் கத்தோலிக்க மதத்தவள். திருமணம் அவ்வூர்த் தேவாலயத்திலே நிகழ்ந்தது. எம் அன்னையார் விரதமும் பூசையும் தவறாத சைவ ஆசாரம் உடையவர். மகன்மீது அவர் சினந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பேசுவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவே. மூன்று ஆண்டுகள் தம்பியின் தொலைபேசி அழைப்புகள் எம்மோடு தொடங்கி எம்மோடே முடிந்தன.

2018ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் யாம் தம்பியிடம் செல்வதென முடிவுசெய்தோம். அன்னையார் எம்மைத் தடுக்கவுமில்லை. சென்று வா எனச் சொல்லவுமில்லை. புறப்படும் நாளன்று எமது பயணப் பையினுள்ளே, பழந்துணியாற் சுற்றிய தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தல் ஒன்று இருக்கக் கண்டோம். அதனை யார் வைத்தார் எனக் கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. யாருக்கென வைத்தார் என்பதை மட்டும் கேளாது புறப்பட்டோம்.

லொஸ் பஞ்ஞோஸ் நகர் மணிலாவுக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீற்றர் தொலைவில், மக்கிலிங் மலையின் அடிவாரத்தில் உள்ளது. ஸ்பானிய மொழியில் அப்பெயருக்குக் குளிக்குமிடங்கள் என்பது பொருள். மலையின் வெப்பத்தாற் பிறக்கும் வெந்நீரூற்றுக்கள் அங்கே பல. கன்னியா வெந்நீர்க் கிணறுகளை அறிந்த எமக்கு அது புதுமையாயிருக்கவில்லை. புதுமையாயிருந்தது, தம்பியின் மாமியார் வீட்டு முற்றத்திலே நின்ற சிறு மரமேயாகும்.

ஆளுயரத்துக்குச் சற்று மேற்பட்ட மரம். இலைகள் எம்மூர்த் தேசி இலைகளைப் போன்றவை. காய்களோ நெல்லிக்காயளவினவாய்க் கொத்துக் கொத்தாய்த் தொங்கின. பச்சைத் தோலையுடைய ஒரு காயைத் தம்பியின் மனைவி பறித்து வெட்டிக் காட்டியபொழுது, உள்ளே தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறம் இருந்தது. புறத்தே காயும் அகத்தே கனியுமாக நின்ற அதனை முகர்ந்தோம். தேசிக்காயின் கூர்மையும் தோடம்பழத்தின் இனிமையும் ஒருங்கே எழுந்தன. இதற்குக் காரணம் உண்டு. கலமன்சி, மண்டரின் தோடையும் கும்குவாட் என்னும் சிறு கனியும் கலந்து பிறந்த கலப்பினமாகும். கும்குவாட்டின் தோல் இனிக்கும், சதை புளிக்கும். அதன் வழிவந்த கலமன்சியிலும் தோல் மெல்லியதாய் நறுமணமுற்றிருக்க, சாறு கடும்புளிப்பாய் உள்ளது.

அந்நாட்டு மக்களின் வாழ்விலே இக்கனி பெறும் இடம் பெரிது. பன்சித் என்னும் நூடில்ஸ் உணவின் பக்கத்திலே வெட்டிய கலமன்சி இல்லாவிடின் அவ்வுணவு நிறைவுபெறாது. சோயாக் குழம்பிலே அதன் சாற்றைப் பிழிந்து, பொரித்த மீனுக்குத் தொட்டுக்கொள்வர். தேனும் வெந்நீரும் சேர்த்து இருமலுக்குக் குடிப்பர். மீன் தொட்ட கையின் நாற்றம் போக்கவும் அதனையே தேய்ப்பர். கிழக்கு மிண்டோரோ மாகாணம் இதன் விளைச்சலுக்குப் பெயர்போனது. எனினும் தோட்டமில்லாதாரும் வாசலிலே சாடியொன்றில் ஒரு கன்றை நட்டு வளர்ப்பர். சாடியிலும் அது குறைவின்றிக் காய்க்கும்.

தம்பியின் மாமியார் எழுபது வயதைக் கடந்தவர். பாடசாலையொன்றிலே மனையியல் கற்பித்து இளைப்பாறியவர். அவரை யாம் 'நானாய்' என அழைத்தோம். தாகாலோக் மொழியில் அது அன்னையைக் குறிக்கும் சொல். தம்பியின் மனைவி எம்மைக் 'கூயா' என்றழைத்தாள். அஃது அண்ணன் என்னும் பொருளுடையது. கடைக்காரரையும் பேருந்துச் சாரதியையும் அவர்கள் உறவுமுறை கூறியே அழைப்பதையும், மூத்தோரிடம் பேசுகையில் வாக்கியந்தோறும் 'போ' என்னும் மதிப்புச் சொல்லொன்றைச் சேர்ப்பதையும் கண்டபொழுது, மொழியாசிரியரென்ற முறையில் யாம் பெரிதும் மகிழ்ந்தோம். ஆசிரியரைக் குறிக்க அவர்கள் வழங்கும் சொல் 'குரோ' என்பதாகும். அது குரு என்னும் வடசொல்லின் திரிபே. மாங்கனிக்கு அவர்கள் வழங்கும் 'மங்கா' என்னும் பெயரோ, நம் மாங்காய் மலாய் மொழி வழியாகக் கடல்கடந்து சென்றடைந்த வடிவம். எம்மையும் ஆசிரியரென அறிந்த நானாய், அன்று தொட்டு எம்மைக் 'குரோ' என்றே அழைத்தார். இரு ஆசிரியர்க்கிடையே நட்பு வளரப் பல நாள் செல்லவில்லை.

ஊறுகாய்ப் போத்தலைத் தம்பியிடம் கொடுத்தோம். அவன் மூடியைத் திறந்து மணத்தை முகர்ந்தான். ஒன்றும் பேசாது உள்ளே சென்றுவிட்டான். அவன் மனைவி ஒரு துண்டை எடுத்து வாயிலிட்டுக் கண்ணைச் சுருக்கிச் சுவைத்தாள். பின்னர், "கூயா, அம்மாவுக்கு நான் எதனைச் செய்து அனுப்பலாம்?" என்று ஆங்கிலத்திலே கேட்டாள். புளிப்புக்குப் புளிப்பையே அனுப்புவது முறையென நானாய் தீர்ப்புச் சொன்னார். அவர் கருதியது கலமன்சி மஃபினை.

மஃபின் என்பது உள்ளங்கையிலடங்கும் சிறு பணியாரம். கிண்ணம் போன்ற குழிகளையுடைய தட்டிலே மாவை விட்டுப் போறணையிற் சுட்டெடுப்பது. பிலிப்பைன்ஸ் மக்களின் பழைய பலகாரங்கள் அரிசியாலானவை. அவற்றுள் புத்தோ என்பது அரிசிமாவை ஆவியில் அவித்தெடுப்பது. பெயராலும் செய்கையாலும் எம் புட்டுக்குச் சுற்றமாகத் தோன்றிற்று. பிபிங்கா என்பது வாழையிலை விரித்த மட்கலத்திலே அரிசிமாக் கூழை ஊற்றி, கீழேயும் மேலேயும் தணலிட்டுச் சுடுவது. கோவாவிலே பெபிங்காவென்றும் நம் நாட்டிலே பிபிக்கனென்றும் பலகாரங்கள் வழங்குதலை வாசகர் அறிவர். நத்தாருக்கு முன்னர், மார்கழி 16ஆம் நாள் தொடக்கம் 24ஆம் நாள் வரை, வைகறையிலே தேவாலயஞ் சென்று மீளும் மக்கள் வாசலிலேயே பிபிங்காவைச் சுடச்சுட வாங்கியுண்பர். திருவெம்பாவைக் காலத்து வைகறையை யாம் அங்கு நினைந்துகொண்டோம்.

கோதுமையோ அந்நாட்டிலே விளைவதன்று. ஸ்பானியர் ஆட்சியிலே பாண் வகைகள் வந்தன. 1898ஆம் ஆண்டில் அமெரிக்கர் ஆட்சி தொடங்கியபின், பாடசாலைகளில் மனையியல் ஒரு பாடமாயிற்று. அமெரிக்கப் பணியாரங்களும் அப்பாடத்தோடு வீடுகளுள்ளே புகுந்தன. ஆயினும் இரும்புப் போறணை வாங்க ஏழைகளால் இயலுமா? மின்சாரம் இல்லாத சிற்றூரிலே கேக்கும் மஃபினும் எங்ஙனம் சுடுவது? இவ்வினாவுக்கு விடை கண்டவர் ஒரு பெண்மணி. அவர் வரலாற்றை நானாய் எமக்குக் கூறினார். நம் மாணவர் அறிந்திருக்கவேண்டிய வரலாறு அது.

மரியா ஓரோசா என்பார் 1893ஆம் ஆண்டிலே பத்தங்காஸ் மாகாணத்துத் தாள் என்னும் ஊரிற் பிறந்தார். அமெரிக்கா சென்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலே மருந்து வேதியியலும் உணவு வேதியியலும் கற்றார்; விடுமுறைக் காலத்தில் அலாஸ்காவின் மீன் அடைக்கும் தொழிற்சாலைகளில் வேலைசெய்து தம் கல்விச் செலவை ஈட்டினார். அங்கேயே நல்ல பதவி பெற்றிருக்கக் கூடியவர் 1922ஆம் ஆண்டிலே தாயகம் திரும்பினார். தக்காளி அரிதாயிருந்த நாட்டிலே வாழைப்பழத்தாற் கெச்சப் செய்யக் கண்டறிந்தார். கலமன்சிச் சாற்றைப் பொடியாக்கி, வேண்டும்பொழுது நீரிற் கரைத்துக்கொள்ள வழி காட்டினார். பாலாயொக் என அந்நாட்டார் வழங்கும் மட்பானையைப் போறணையாக மாற்றியமைத்து, மின்சாரமில்லாக் குடிசையிலும் பணியாரம் சுடச் செய்தார். ஊரூராகப் பெண்களைக் கழகங்களாகத் திரட்டி உணவு பதனிடுதலைக் கற்பித்தார்.

யப்பானியர் ஆட்சிக் காலத்திலே, சோயா அவரையிலிருந்து தாம் ஆக்கிய சத்துணவுப் பொடியை, தடுப்பு முகாம்களிற் பட்டினி கிடந்தோர்க்கு இரகசியமாகச் சென்றடையுமாறு செய்தார். அம்முகாம்களில் ஒன்று லொஸ் பஞ்ஞோஸ் விவசாயக் கல்லூரி வளவிலேயே இருந்தது. 1945ஆம் ஆண்டு மாசி 23ஆம் நாள் அங்கிருந்த 2,000க்கு மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். அதன்பின் சூழவிருந்த ஊர்மக்கள் பலர் பழிவாங்கலுக்கு இரையாயினர். மரியா ஓரோசா அதனைக் காண உயிரோடிருக்கவில்லை. அதற்குப் பத்து நாள் முன்னர், மாசி 13ஆம் நாள், மணிலாப் போரிலே எறிகணைச் சிதறல் பட்டு மாண்டார். நகரை விட்டு நீங்குமாறு உற்றார் வேண்டியும், தம் பணியிடத்தை விட்டு அவர் அகலவில்லை என்பர். 1990களிலே யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயும் மின்சாரமுமின்றி, ஜாம் போத்தல் விளக்கொளியிற் படித்து வளர்ந்த எமக்கு, இல்லாமையினின்று வழிகண்ட அவர் வரலாறு வேற்று நாட்டுக் கதையாகத் தோன்றவில்லை.

நானாயின் தாயாரும் இளமையிலே அத்தகைய வகுப்பொன்றிற் பயின்றவர். அவர் கையாண்ட மட்பானைப் போறணை நானாயின் வீட்டுத் தாழ்வாரத்திலே இன்னும் இருந்தது. நாள்தோறும் வாயுப் போறணையைப் பயன்படுத்தும் நானாய், எமக்காக அதனைத் தூசு தட்டி எடுத்தார். பானையினுள்ளே சிறு தாங்கியொன்றை வைத்து, அதன்மேல் மஃபின் கிண்ணங்களை அடுக்கி, கீழே கரித்தணலும் மூடியின்மேற் சிரட்டைத் தணலும் இட்டார். எம் இளமையில் அன்னையார் மணல் பரப்பிய சட்டியுள்ளே கேக் தகரத்தை வைத்து, மூடிமேல் தணலிட்டுச் சுட்டது எம் நினைவுக்கு வந்தது. அச்செய்தியைக் கூறியபொழுது நானாய் வியந்து, "ஆகவே உங்கள் அன்னைக்குப் பாடம் முன்னரே தெரியும்" என்றார்.

இனிச் செய்முறையைக் கூறுவோம். நானாய் செய்த முறை வருமாறு: கோதுமை மா 2 கோப்பை, சீனி முக்காற் கோப்பை, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, முட்டை 2, எண்ணெய் அரைக் கோப்பை, பால் அரைக் கோப்பை, கலமன்சிச் சாறு மூன்றிலொரு கோப்பை. இவ்வளவினால் 12 மஃபின்கள் ஆகும். ஒரு கனி ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிச் சாறே தருமாதலின் இருபது கனிகளாவது வேண்டும். கனியை நடுவே வெட்டாது காம்புப் பக்கமாகச் சற்று மேலே வெட்டினால் விதைகள் அறுபடா. அறுபட்ட விதை சாற்றைக் கைக்கச் செய்யும். தோலின் பச்சைப் பகுதியை மட்டும் மெல்லச் சுரண்டிச் சீனியோடு விரலாற் பிசைந்தால், தோலிலுள்ள எண்ணெய் சீனியிற் படிந்து மணம் முழுதும் அதிலே தங்கும். தோலின் உட்புற வெண்பகுதி கைக்குமாதலின் அதனைத் தொடலாகாது.

உலர்ந்த பொருள்களை ஒரு பாத்திரத்திலும் நீர்ப்பொருள்களை வேறொன்றிலும் கலந்து, பின் இரண்டையும் ஒன்றாக்கி அகப்பையாற் பத்துப் பன்னிரண்டு முறை மட்டும் கிளறவேண்டும். மாக்கட்டிகள் சில கிடந்தாலும் பாதகமில்லை. மிகக் கிளறினால் கோதுமையின் பசைச்சத்து நார்போல இறுகி, மஃபின் பாண்போலக் கடினமாகிவிடும். ரொட்டிக்கு அடித்துப் பிசைதல் அழகு. மஃபினுக்குத் தொட்டும் தொடாமலும் விடுதலே அழகு. கனிச்சாற்றின் அமிலம் அப்பச்சோடாவைத் தீண்டியவுடன் கரியமில வாயு பிறந்து மாவைப் பொங்கச் செய்யும். ஆதலின் கலந்தபின் காத்திராது உடனே போறணையில் வைத்தல் வேண்டும். 190 பாகை சென்ரிகிரேட் வெப்பத்தில் 20 நிமிடம் போதும். வெந்ததும், கலமன்சிச் சாற்றிலே சீனியைக் கரைத்த பாகினைச் சூட்டோடு மேலே வார்த்தால், நெருப்பிலே மறைந்த மணம் மீண்டும் வந்து சேரும்.

யாம் உண்டோம், மிக நன்றாயிருந்தது. ஆனால் இடர் ஒன்று எழுந்தது. எம் அன்னையார் முட்டை உண்ணார். அதனை யாம் கூறியதும் அடுக்களையில் அமைதி நிலவிற்று. தம்பியின் மனைவிதான் முதலிற் பேசினாள்: "அப்படியானால் முட்டையில்லாமற் செய்வோம்." நானாயின் ஐம்பது ஆண்டுப் பழக்கத்தில் முட்டையில்லா மஃபின் இருந்ததில்லை. ஆயினும் மனையியல் ஆசிரியராதலின் அவர் அதனை ஒரு பரிசோதனையாகவே எடுத்துக்கொண்டு, குறிப்பேடொன்றைத் திறந்து வைத்தார்.

முதல் நாள், முட்டையை நீக்கிப் பாலைக் கூட்டினர். மஃபின் நடுவே குழிந்து களிபோலாயிற்று. முட்டை செய்துவந்த வேலையை, அதாவது மாவைத் தாங்கி நிறுத்தும் வேலையைச் செய்ய ஒன்றுமில்லை என நானாய் எழுதினார். இரண்டாம் நாள், தம்பி ஒரு வழி சொன்னான். அவன் ஊர்ப்பழக்கம் விடாது எருமைப்பாலிலே வீட்டில் தயிர் உறையவைப்பவன். பாலுக்கும் முட்டைக்கும் பதிலாக ஒரு கோப்பைத் தயிரை விட்டு, அப்பச்சோடாவையும் இரு மடங்காக்கினர். மஃபின் நன்கு பொங்கியது. ஆனால் சோடா மிகுதியால் அமிலம் முழுதும் அழிந்து, புளிப்புப் போய்ச் சவர்க்காரச் சுவை தட்டியது. மூன்றாம் நாள், தயிரை அவ்வாறே விட்டு, சோடாவை மீண்டும் அரைத் தேக்கரண்டியாக்கி, கனிச்சாற்றைக் காற் கோப்பையாகக் குறைத்து, மிகுதிப் புளிப்பைப் பாகிலே வைத்தனர். அன்று போறணையினின்று வந்தவை மெத்தென்று, பொன்னிறமாய், புளிப்பும் இனிப்பும் ஒத்திருந்தன. நானாய் அந்தப் பக்கத்தின் அடியிலே தாகாலோக் மொழியில் ஒரு வரி எழுதினார். பொருள் கேட்டோம். "குரோவின் அன்னைக்கு உரியது" என்றார்.

புறப்படும் நாளுக்கு முந்திய இரவிலே 12 மஃபின்களைச் சுட்டுத் தகரப் பேழையில் அடுக்கித் தந்தாள் தம்பியின் மனைவி. மரக்கன்றொன்று கொண்டுபோகவும் எமக்கு ஆசை. தம்பி மறுத்துவிட்டான். தோடை இனங்களின் இலையைப் பச்சையும் மஞ்சளுமாக்கி மரத்தையே கொல்லும் நோயொன்று, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத சிறு பூச்சியாற் பரவுகின்றது. அனுமதியின்றிக் கன்றோ விதையோ கடல்கடத்தல் சட்டத்துக்கும் மாறு, எம்மூர்த் தேசி மரங்களுக்கும் கேடு என்று விளக்கினான். அது சரியே. கன்றை விட்டுக் குறிப்பேட்டின் பிரதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சிங்கப்பூர் வழியாகக் கொழும்பு வந்து, இரவுப் பேருந்திலே யாழ்ப்பாணம் சேர இரண்டு நாளாயின. பேழையை அன்னையாரின் முன் வைத்தோம். "முட்டை போட்டதோ?" என்பது அவரது முதற் கேள்வி. இல்லையென்றோம். "அப்ப என்னத்தாலை பொங்கினது?" என்றார். தயிரால் என்றோம். "தயிர் ஆர் உறையவைச்சது?" என்று கேட்டார். தம்பி என்றோம். சற்றுநேரம் பேழையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு ஒன்றை எடுத்துப் பாதியாய்ப் பிட்டு, ஒரு பாதியை எமக்குத் தந்து மறுபாதியை உண்டார். "புளி கொஞ்சம் கூடிப்போச்சுது, எண்டாலும் வாய்க்கு நல்லாயிருக்கு" என்றார். அன்றிரவு தம்பியின் வழக்கமான அழைப்பு வந்தபொழுது, தொலைபேசியைத் தம்மிடம் தருமாறு கையை நீட்டினார். என்ன பேசினாரென்பது யாம் அறியோம்; அறைக்கு வெளியே சென்றுவிட்டோம்.

2019ஆம் ஆண்டு மார்கழியிலே தம்பியும் மனைவியும் வீட்டுக்கு வந்தனர். மாமியும் மருமகளும் பேசப் பொதுமொழி இல்லை. ஆயினும் அடுக்களையிலே மூன்று வாரம் ஒன்றாய் நின்றனர். கலமன்சி இல்லாத இடத்தில், தேசிக்காய்ச் சாறு இரண்டு பங்கும் தோடம்பழச் சாறு ஒரு பங்கும் கலந்தால் ஏறத்தாழ அச்சுவை வருமென்று மருமகள் கண்டாள். புட்டுக்கு மாவைக் குழைத்துவிடாது நுனிவிரலாற் கொத்தும் கைப்பக்குவம் மஃபினுக்கும் பொருந்துமென்று மாமியார் செய்து காட்டினார். அவர்கள் மீண்டு சென்ற சில வாரங்களிலே பெருந்தொற்று உலகை மூடிற்று. அந்த வருகை ஓராண்டு பிந்தியிருந்தால் என்னாயிருக்கும் என யாம் எண்ணிப்பார்ப்பதுண்டு.

2022ஆம் ஆண்டிலே நம் நாட்டிற் பொருளாதாரம் நிலைகுலைந்து, சமையல் வாயு கிடையாது, மின்சாரம் நாளொன்றுக்குப் பல மணிநேரம் தடைப்பட்டு, கோதுமை மாவின் விலையும் ஏறிய காலத்தை வாசகர் மறந்திரார். எமது மின்போறணை மூலையிற் கிடந்தது. அன்னையார் மணற்சட்டியைத் தேடியெடுத்தார். கோதுமை மாவிலே பாதியைக் குறைத்து, வறுக்காத அரிசிமாவைச் சேர்த்தார். சீனி போதாமையாற் பனங்கட்டியைத் தூளாக்கிப் போட்டார். சிரட்டைத் தணலிலே வெந்த அப்பணியாரத்தை அயல்வீட்டுப் பிள்ளைகள் கூடியிருந்து உண்டனர். படத்தைப் பார்த்த நானாய், தம் தாயாரின் மட்பானை யாழ்ப்பாணத்துக்கு எவ்வாறு வந்தது என்று வேடிக்கையாகக் கேட்டனுப்பினார்.

மாணவர்கட்கு ஒரு சொல். எம் காலத்து ஆண்கள் கல்லூரிகளிலே மனையியலை யாரும் எமக்குக் கற்பிக்கவில்லை. ஆசிரிய கலாசாலையிலும் அது பெண்களுக்குரிய பாடமென்றே கொள்ளப்பட்டது. ஆனால் ஒரு கரண்டி சோடாவிலே வேதியியலும், ஒரு கனியின் பெயரிலே மொழிவரலாறும், ஒரு மட்பானையிலே நாட்டுவரலாறும் உள்ளன. இவற்றையெல்லாம் விட, நாளை நீவிர் எந்நாட்டில் வாழ்ந்தாலும் பசித்து வந்த ஒருவருக்கு அவர் உண்ணத்தக்கது எதுவெனக் கேட்டறிந்து உங்கள் கையாலே ஆக்கிப் படைக்கும் ஆற்றல் உங்களிடம் இருத்தல் வேண்டும். பரீட்சைக்கு அது வருவதில்லை, ஆயினும் கற்றுக்கொள்ளுங்கள்.

இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்பும் முன்னர் அன்னையாருக்கு வாசித்துக் காட்டினோம். முழுவதும் கேட்டுவிட்டு ஒரு திருத்தம் மட்டும் சொன்னார். ஊறுகாய்ப் போத்தலை யாருக்கென வைத்தார் என்பதைக் கேளாது புறப்பட்டோம் என்று எழுதியிருக்கின்றோமல்லவா? "அது அவனுக்குத்தான் வைச்சனான் எண்டு எழுது" என்றார். அவ்வாறே எழுதிவிட்டோம்.